புவனா திரும்ப அள்ளிய சாக்லேட்

பெரியகிணத்துத் தோட்டத்து மருமகள் புவனாவுக்குக் கோபம் வந்தால் ஆனைமலைக் கடைவீதியே ஒதுங்கி வழிவிடும் என்பார்கள். அதில் மிகை கொஞ்சம்தான். ஒரு தடவை பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர், கைக்குழந்தையோடு வந்த ஒருத்தியை அவள் ஊர் தாண்டி இறங்கச் சொன்னார். புவனா எழுந்து போய் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். வண்டி பின்னால் வந்து அந்தப் பெண்ணை அவள் ஊர் முக்கில் இறக்கிவிட்ட பிறகுதான் தன் இருக்கைக்குத் திரும்பினாள். இத்தனைக்கும் மரியாதையில் ஒரு சொல் குறையவில்லை. “நீங்கெல்லாம் மனுசருங்களாங்க? உங்கூட்டுப் பொம்பளைங்களையும் இப்பிடித்தான் நடுரோட்டுல எறக்கி உடுவீங்களாங்க?” கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் அந்தக் கண்டக்டர் அன்றைக்கே மறந்திருப்பார். இப்போதும் அவளைக் கண்டால் சில்லறையைச் சரியாக எண்ணிக் கையில் வைக்கிறார்.

அவள் பிறந்தது அந்தியூரில். ஆடி மாதம் குதிரைச் சந்தைக்கு வருகிறவர்களுக்கு அவள் அப்பா தீவனம் விற்றார். அந்த இரைச்சலில் சத்தம் போட்டால்தான் காரியம் நடக்கும் என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டாள். கோபியில் பி.காம். முடித்துவிட்டு, சபரீஷைக் கட்டிக்கொண்டு ஆனைமலைக்கு வந்தாள். சபரீஷுக்குக் கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவான். வாய்ச்சண்டை கிளம்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுகிற ஆள். மாமியார் இவள் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆக, வீட்டில் பேச்சுத்துணைக்கு மாமனார் பாலுசாமி ஒருவர்தான். ஊரில் எல்லோர் மீதும் பாய்கிற புவனா அவரிடம் மட்டும் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அவரும் அவளை ‘அம்மணி’ என்பதற்கு மேல் ஒரு சொல் அதட்டியதில்லை.

தென்னைக்கு வாடல் நோய் வந்து மரம் மரமாகக் காய்ப்பு நின்றபோது, ஊடுபயிராகப் பாலுசாமி வைத்திருந்த கோகோதான் குடும்பத்துக்குக் கைகொடுத்தது. முதலில் கொட்டையை அப்படியே கம்பெனிக்குப் போட்டார்கள். பிறகு புவனா கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து, தானே சாக்லேட் செய்ய இறங்கினாள். கோகோக் காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை ஒட்டிய கொட்டைகள் இருக்கும். அவற்றை வழித்து மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலையால் மூடி, மேலே சாக்கைப் போர்த்திப் புளிக்க வைக்க வேண்டும். நடுநடுவே கிளறிவிட வேண்டும். புளித்தால்தான் சாக்லேட்டுக்கு வாசனை வரும். முதலில் கள் வாடை அடிக்கும், அப்புறம் வினிகர் மாதிரிக் காடி வாடை. அடியில் வழிகிற சாற்றைப் பிடிக்க ஒரு நீல டிரம் வைத்திருந்தார்கள்.

கிளறிவிடுவது பாலுசாமியின் வேலை. வறுத்து, தொலி நீக்கி, அரைப்பது புவனாவின் வேலை. எல்லார் வீட்டிலும் இட்லிக்கு ஆட்டுகிற டேபிள் டாப் கிரைண்டர்தான். உளுந்து வாடை ஒட்டக்கூடாது என்பதற்காகச் சாக்லேட்டுக்குத் தனியாக ஒன்று. உறையின் மேல் ‘பெரியகிணத்துத் தோட்டம்’ என்று அச்சடித்தாள். கொங்கு நாட்டில் ஆளைக் கேட்பதற்கு முன் தோட்டத்தைத்தான் கேட்பார்கள். அந்தப் பெயர் பொட்டலத்தில் ஏறியதில் பாலுசாமிக்கு உள்ளூரப் பெருமை. உறவுக்காரர்கள் வந்தால், தான் செய்ததுபோல் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுவார்.

அப்படி இருக்கும்போதுதான், போன வருஷம் ஒரு அமாவாசை அன்று காலையில், தோட்டத்துக்குள் போலீஸ் ஜீப் வந்தது.

சாராய ஊறல் போட்டிருப்பதாக யாரோ போன் செய்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த தோட்டத்துப் பங்காளி சுப்பையன்தான் என்பது புவனாவின் முடிவு. வரப்புத் தகராறில் அவர் அப்படி வெட்டுவேன் இப்படி வெட்டுவேன் என்று பேசியதுண்டு. அன்றைக்குப் புவனா சரக்குக் கொடுக்கக் கோயம்புத்தூர் போயிருந்தாள். தோட்டத்தில் பாலுசாமி மட்டும். “இது சாக்லேட்டுக்குங்க” என்றாராம். வந்தவர்கள் டிரம்மை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். கள் வாடை குப்பென்று அடிக்கிற டிரம்மை வைத்துக்கொண்டு கிழவர் சாக்லேட் என்கிறாரே என்று. பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டைகளை மண்ணில் கொட்டினார்கள். டிரம்முக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் பாலுசாமி என்று நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஜீப்பின் பின்னால் ஏற்றி, அமாவாசைக் கூட்டம் நெரிகிற மாசாணியம்மன் கோயில் வழியாகவே கூட்டிக்கொண்டு போனார்கள்.

புவனா தகவல் தெரிந்து ஓடிவந்து, தோட்டக்கலை அதிகாரியைப் பிடித்து, அவர் ஸ்டேஷனுக்குப் பேசி, பொழுது சாய்வதற்குள் பாலுசாமியை விட்டுவிட்டார்கள். “ஒண்ணுமில்லம்மா, போங்க” என்றார்கள். ஒன்றுமில்லையாம்! மறுநாள் பேப்பரில் படம் வந்துவிட்டது. ‘ஊறல் போட்ட விவசாயி சிக்கினார்.’ அந்தச் செய்தி தப்பு என்று ஒரு வரியும் அப்புறம் வரவே இல்லை.

வாழ்நாளில் பீடி கூடப் பிடிக்காத மனுஷன். விசேஷ வீடுகளில் முதல் பந்தியில் உட்கார வைத்து இலை போடுகிற மனுஷன். அதன் பிறகு கடைவீதிக்குப் போவது குறைந்து, கொஞ்ச நாளில் நின்றே போயிற்று. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. மாட்டைப் பிடித்துக் கட்டுவதும் மட்டையைப் பொறுக்குவதும் கிளறுவதுமாக, தோட்டத்தின் நான்கு வரப்புக்குள்ளேயே இருந்துகொண்டார். கேட்டால், “எனக்கு இங்கியே சரியா இருக்குதுங் கண்ணு” என்பார்.

புவனாவால் அப்படி இருக்க முடியுமா? ஸ்டேஷனுக்குப் போய்ச் சத்தம் போட்டாள். பேப்பர் ஆபீஸுக்குப் போய்ச் சத்தம் போட்டாள். சுப்பையன் தண்ணீர் பாய்ச்சுகிற நேரம் பார்த்து வரப்பில் நின்று, “நல்லா இருங்க, உங்க குடும்பமும் நல்லா இருக்கட்டுமுங்க” என்று வயிறு எரிய வாழ்த்தினாள். அந்தப் பேப்பர் படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், மளிகைக்கடைக்காரர், தோட்டத்துக்கு வருகிற வாடிக்கைக்காரர்கள், ஒரு தடவை பல் டாக்டர்கூட, எல்லோரிடமும் படத்தை நீட்டினாள். “பாருங்க, இந்த மனுசனைப் பாருங்க. இவரு சாராயம் காச்சற ஆளாட்டத் தெரியுதுங்களா?” கேட்டவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். ஆறுதலாக இருந்தது, அடுத்த ஆள் கிடைக்கிறவரை.

மானசா வந்தது இந்தச் சமயத்தில். கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்துப் பெண். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, ஓட்டல்களில் சுவை விருந்து நடத்துகிறவள். இந்தச் சாக்லேட்டுக்கு இந்த ஒயின் என்று ஜோடி சேர்த்து, பணக்கார மேஜைகளில் ருசி பார்க்க வைப்பது அவள் தொழில். பெரியகிணத்துத் தோட்டத்துச் சாக்லேட்டை எங்கேயோ சாப்பிட்டுவிட்டு, தேடிக்கொண்டு வந்துவிட்டாள். கெட்ட பெண் இல்லை. வந்தவுடன் பாலுசாமியின் காலைத் தொட்டு வணங்கினாள். கவிழ்த்த பெட்டிகள் இருந்த இடத்தில் புதுப்பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டு, தோள்பையிலிருந்து வரிசையாக ஒயின் பாட்டில்களை எடுத்து வைத்தாள்.

புவனாவுக்கு உயிரே போய்விட்டது. “ஏனுங்க, அதைய உள்ள வைங்க மொதல்ல!” என்று ஓடிப்போய் கேட்டைச் சாத்தினாள்.

“எல்லாம் கடையில வாங்கினதுதான் அக்கா, பில் இருக்கு” என்று சிரித்தாள் மானசா.

கிரைண்டர் அறைக்குள் வைத்து ருசி பார்த்தார்கள். ஒயின் சாக்லேட்டைவிட இனிப்புக் குறைவாக இருந்தால் வாய்க்குள் வெறும் புளிப்பாகப் போய்விடும், அதனால்தான் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று மானசா சொல்லிக்கொடுத்தாள். தேங்காய்ப்பால் சாக்லேட்டுக்கு ஒரு வெள்ளை ஒயின். நாட்டுச்சர்க்கரை போட்டதற்கு நல்ல இனிப்பான ஒன்று. இனிப்பு மிகக் குறைவான கறுப்புச் சாக்லேட்டுக்குச் சிவப்பு. புவனா குடிக்கவில்லை. கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனாள். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது.

“இதே வாடைதாங்க” என்றாள். “பெட்டியில மூணாம் நாள் அடிக்குமே, அதே வாடை. இதுக்குத்தானுங்க எங்க மாமனாரை ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனாங்க.”

மானசா கிளாஸைக் கீழே வைத்தாள். புவனா வழக்கம்போல முதலிலிருந்து சொன்னாள். போனை நீட்டினாள். மானசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அக்கா, இது எவ்வளவு பெரிய அநியாயம்! இந்தப் போட்டோவை எனக்கு அனுப்பறீங்களா?”

“அனுப்பறனுங்க. இது எல்லாருக்கும் தெரியணுமுங்க” என்று சொல்லி, அங்கேயே அனுப்பியும்விட்டாள் புவனா.

ஒரு வாரம் கழித்து மானசா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவினாசி ரோட்டு ஓட்டலில் விருந்து. சாக்லேட் முழுக்கப் பெரியகிணத்துத் தோட்டத்தினுடையதுதான். “ஐயாவையும் கூட்டிட்டு வாங்க அக்கா. மேடையில பொன்னாடை போத்தி மரியாதை பண்ணணும்.”

இந்தப் பொன்னாடை புவனாவின் மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. ஊர் பார்த்தது டிரம் பக்கத்தில் தலைகுனிந்து நிற்கிற பாலுசாமியை. இனி பார்க்கப்போவது பட்டுத்துண்டு போர்த்தி, பெரிய மனிதர்கள் கைதட்ட நிற்கிற பாலுசாமியை. அந்தப் படத்தை எடுத்து, அதே பேப்பரில் போட வைப்பது. போடவில்லை என்றால் போடுகிறவரை வாசலில் உட்கார்ந்துகொள்வது. அதற்குப் பிறகு மாமனார் தலைநிமிர்ந்து கடைவீதியில் நடக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். சாக்லேட் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன.

பாலுசாமி மாட்டேன் என்றார். “அந்த எடமெல்லாம் எனக்கெதுக்குங் கண்ணு?” புவனா விடவில்லை. சோறு போடும்போதும் அதே பேச்சு, மாடு கறக்கும்போதும் அதே பேச்சு. கடைசியில், “செரி, உன்ற இஷ்டம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி, மடித்த துண்டு, நெற்றியில் திருநீறு என்று வந்து காரில் ஏறினார். சபரீஷ்தான் ஓட்டினான். கிணத்துக்கடவு தாண்டிய பிறகு, இனித் திரும்ப முடியாது என்று தெரிந்தே, புவனா மெதுவாகச் சொன்னாள். “மாமா, அங்க வாரவிய கொஞ்சம் ஒயினும் குடிப்பாங்களாமுங்க. நாம கண்டுக்க வேண்டாம்.”

பாலுசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஓட்டல் வந்ததும் சபரீஷ், “நான் வண்டியிலயே இருக்கறேன்” என்று தன் வழக்கப்படி நழுவிவிட்டான்.

ஹாலில் வட்ட மேஜைகள். ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று கண்ணாடிக் கிளாஸ், கறுப்புக் கல்தட்டில் மூன்று துண்டு சாக்லேட், நாக்கைத் துடைத்துக்கொள்ள உப்பில்லாத பிஸ்கட். மில்காரர்கள், டாக்டர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். பாலுசாமியையும் புவனாவையும் முன்வரிசை மேஜையில் உட்கார வைத்தார்கள். பாலுசாமிக்கு முன்னாலும் மூன்று கிளாஸ் இருந்தது. அதைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

மானசா நன்றாகவே பேசினாள். பாதிக்கு மேல் ஆங்கிலம். சாக்லேட்டைக் கடிக்காதீர்கள், நாக்கில் வைத்துக் கரைய விடுங்கள், பாதி கரைந்ததும் ஒரு மடக்கு ஒயின், உடனே விழுங்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். ஹால் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கரையவிட்டது. தேங்காய்ப்பால் சாக்லேட்டுக்கு ‘ஆகா’ என்றார்கள். நாட்டுச்சர்க்கரை சாக்லேட்டுக்கு ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். புவனாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. போனை எடுத்து, பொன்னாடை போர்த்தும்போது படம் எடுக்கத் தயாராக வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது சாக்லேட்டுக்கு வந்தபோது விளக்கைக் குறைத்தார்கள். திரையில் பெரிய எழுத்தில் அந்தச் சாக்லேட்டுக்கு மானசா வைத்த பெயர் வந்தது. ‘ரெய்டு.’ அடுத்து அந்தப் படம் வந்தது.

சுவர் முழுக்கப் பாலுசாமி. டிரம். இரண்டு பக்கமும் காக்கி. தலைகுனிந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கி, கொட்டிய கொட்டைகளுக்கு நடுவில் வெறுங்காலுடன்.

மானசா கதையைச் சொன்னாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரிந்துவைத்துச் சொன்னாள். போலீஸ் டிரம்மை மோந்து பார்த்த இடத்தில் ஹால் சிரித்தது. “இது சாக்லேட்டுக்குங்க” என்பதைப் பாலுசாமி சொன்ன மாதிரியே இழுத்துச் சொன்னாள். சிரிப்பு இன்னும் பெரிதானது. கடைசியில் முன்மேஜையைக் கைகாட்டி, அந்தக் குற்றவாளி நம்மோடு இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். யாரோ ஒருவர் கிளாஸைத் தூக்கி, “தாத்தாவுக்கு சியர்ஸ்!” என்று கத்தினார். அத்தனை பேரும் சிவப்பு ஒயினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாலுசாமியைப் பார்த்தார்கள்.

பாலுசாமிக்கு ஆங்கிலம் தெரியாது. சுவரில் இருப்பது தான் என்பது தெரிந்தது. எல்லோரும் தன்னைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார்கள் என்பதும் தெரிந்தது. நாலு பேர் மரியாதைக்குக் கை தூக்கினால் பதிலுக்கு எழுந்து கும்பிட வேண்டும் என்பது அவருக்குப் பிறவிப் பழக்கம். மெதுவாக எழுந்தார். தன் படத்துக்குக் கீழே நின்று, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை, எல்லோரையும் கும்பிட்டார்.

புவனாவுக்கு அந்த நிமிஷம் காது அடைத்துவிட்டது. தென்னை வைத்திருக்கிறவன் தன் சொந்த மரத்தில் கள் இறக்கினால் கேஸ். பெட்டியில் வாடை அடித்தால் கேஸ். இங்கே குளிரூட்டிய ஹாலில், பாட்டில் பாட்டிலாக உடைத்து ஊற்றிக்கொண்டு, கேஸில் சிக்கியவனைப் பார்த்துச் சிரிப்பதற்குப் பெயர் ரசனை. அவள் தட்டு எடுக்க வந்த பையனிடமிருந்து பெரிய டிரேயைப் பிடுங்கினாள். முதல் மேஜைக்குப் போனாள்.

“சித்தே கையை எடுங்க” என்றாள். கல்தட்டிலிருந்த கறுப்புச் சாக்லேட்டை எடுத்து டிரேயில் போட்டாள். பக்கத்துத் தட்டு. அதற்கடுத்த தட்டு. “நீங்களும் குடுத்துருங்க. சாப்புட்டது போவட்டும், இருக்கறதைக் குடுத்துருங்க.”

முதலில் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒருவர் வாயில் போட்டுக்கொண்ட துண்டை என்ன செய்வது என்று தெரியாமல் வாயைக் காட்டினார். “அதைய முழுங்கிருங்க” என்றுவிட்டு நகர்ந்தாள். தங்கச் சங்கிலி போட்ட ஒரு மில்காரர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஏம்மா, டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்து உட்கார்ந்திருக்கோம்?”

“சாக்லேட்டுக்குத்தானுங்க டிக்கெட் வாங்குனீங்க? எங்க மாமனாருக்கும் சேத்தா வாங்குனீங்க?”

அவர் தட்டை விட்டுவிட்டார். கடைசி மேஜையில் ஒரு பெண்மணி தானாகவே எழுந்து, தன் துண்டை இரண்டு கையாலும் எடுத்து டிரேயில் வைத்து, “மன்னிச்சுக்குங்க” என்றார். புவனா அவரையும் முறைத்துவிட்டுத்தான் வந்தாள். கோபத்தில் நல்லவர் கெட்டவர் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

மானசா மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். கையில் அந்தப் பொன்னாடை. “அக்கா, ப்ளீஸ். எல்லாரும் உங்க பக்கம்தான் அக்கா. ஐயாவுக்கு நடந்த அநியாயத்தைத்தானே நான் சொன்னேன்?”

“அநியாயத்தைச் சொன்னா சிரிப்பாங்களாங்க? நீங்க சிரிக்கற மாதிரி சொன்னீங்க, அவிய சிரிச்சாங்க. அந்த மனுசன் எந்திரிச்சுக் கும்பிட்டாரு, பாத்தீங்களா? கண்ணு தெரிஞ்சுதா உங்களுக்கு?”

மானசாவுக்கு அழுகை வந்துவிட்டது. “நீங்கதானே அக்கா சொன்னீங்க, இது எல்லாருக்கும் தெரியணும்னு? நீங்கதானே போட்டோ அனுப்புனீங்க?”

அது உண்மை என்பதாலேயே புவனாவுக்குக் கோபம் இரட்டிப்பானது. “அந்தத் துணியை நீங்களே போத்திக்குங்க” என்றாள். டிரேயை அப்படியே தன் துணிப்பையில் கவிழ்த்தாள். “வாங்க மாமா, போலாம்.”

பாலுசாமி எழுந்து, நாற்காலியை மேஜைக்குள் தள்ளி வைத்துவிட்டு, அழுதுகொண்டு நின்ற மானசாவிடம், “வாரனுங் கண்ணு” என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

கார் உக்கடம் தாண்டும்வரை புவனா நிறுத்தவில்லை. மானசா, மில்காரர், போலீஸ், பேப்பர்காரன், சுப்பையன் என்று ஒருவர் பாக்கியில்லாமல் இழுத்து வைத்துத் திட்டினாள். நாளைக்கே கலெக்டர் ஆபீஸுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். இன்றைக்கு நடந்ததையும் சேர்த்து எல்லோரிடமும் சொல்லப்போவதாகச் சொன்னாள். சபரீஷ் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். மேற்கே வெயில் இறங்கி, தென்னந்தோப்புகள் வர ஆரம்பித்திருந்தன.

“அம்மணி” என்றார் பாலுசாமி.

“சொல்லுங்க மாமா.”

“இன்னும் ஆராருக்கு அந்தப் போட்டோவைக் காட்டியிருக்கற?”

புவனா வாயைத் திறந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், மளிகைக்கடை, பல் டாக்டர், உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழு. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

“உங்களுக்கு நாயம் கெடைக்கோணும்னுதானுங்க மாமா.”

“தெரியுங் கண்ணு.” அவர் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “பேப்பர்ல வந்தப்ப மனசு உட்டுத்தான் போச்சு. இல்லீன்னு சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஊர்க்காரங்களுக்கு என்னையத் தெரியாதா? நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் அதே பேப்பர்ல வடை மடிச்சுக் குடுப்பாங்க. கடைவீதிக்குப் போலாம்னு நானும் பல தடவை கெளம்புனேன். போறப்பல்லாம் நீ எந்தக் கடையிலயாவது நின்னு ஆருகிட்டயோ அதையக் காட்டிக்கிட்டு இருப்ப. கேக்கறவிய போட்டோவைப் பாத்துப்போட்டு, திரும்பி என்னையப் பாப்பாங்க. பாவம்னுதான் பாப்பாங்க. அதையத்தான் என்னால தாங்க முடியல. அதான் போறதில்ல.”

சபரீஷ் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். யாரும் குறைக்கச் சொல்லவில்லை.

ஒரு வருஷமாக அவர் கடைவீதிக்குப் போகாததற்குப் போலீஸ் காரணம், சுப்பையன் காரணம் என்று புவனா நாடு முழுக்கச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். சண்டை பிடிக்கப் பிடிக்க அவரை அந்த டிரம் பக்கத்திலேயே நிற்க வைத்தது அவள்தான். இதை அவர் ஒருநாள் வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று அவர் மீதும் கோபம் வந்தது, முதல் தடவையாக. தன் மேல் வந்தது அதைவிடப் பெரிது. அதை யாரிடம் போய்க் கத்துவது?

“எனக்கோசரம் கோவப்பட்டது போதும் அம்மணி” என்றார் பாலுசாமி. “இனி உட்டுரு.”

“சரிங்க மாமா” என்றாள். அதுவும் சண்டைக்குப் போகிற குரலில்தான் வந்தது.